போடப்படாத குழாய்: கூடங்குளமும் கன்னியாகுமரி மாவட்டமும்

கூடங்குளம் அணுமின் நிலையம் திருநெல்வேலி மாவட்டத்தின் ராதாபுரம் வட்டத்தில் இருக்கிறது. வருவாய்த்துறைக் கணக்கில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அதில் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. ஆனால் உலை வளாகத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் எங்கள் கிழக்கு எல்லையான அஞ்சுகிராமம் சுமார் 15 கிலோமீட்டர், குமரிமுனை சுமார் 20, நாகர்கோவில் சுமார் 30. வள்ளத்தில் போகும் மீனவருக்கு அந்த எல்லைகூட இல்லை. ஆரோக்கியபுரத்திலிருந்து கிழக்கே ஒரு பொழுது ஓட்டினால் கூட்டப்புளி, இடிந்தகரை எல்லாம் ஒரே கடல்தான்.

எங்கள் மாவட்டம் சிறியது. பரப்பு 1,672 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 18,70,374. சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல். வடக்கிலும் வடகிழக்கிலும் மலை, மேற்கே கேரளம், தெற்கே கடல், கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயும் அஞ்சுகிராமம் சாலையும். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்த இந்த மாவட்டத்தின் பெயர் கூடங்குளம் திட்டத்தின் கோப்புகளில் முதலில் வந்தது மக்களின் பெயராலோ ஊர்களின் பெயராலோ அன்று. ஓர் அணையின் பெயரால் வந்தது: பேச்சிப்பாறை.

அந்த அணையிலிருந்து கூடங்குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் இன்றுவரை போடப்படவில்லை. அது ஏன் போடப்படவில்லை, அதன் பிறகு இந்த மாவட்டத்துக்கும் அந்தத் திட்டத்துக்கும் என்ன உறவு மிஞ்சியது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டத்துக்குத் தேவையான ஒன்று எங்கள் கையில் இருந்த இடத்தில் எங்கள் குரலுக்கு எடை இருந்தது. எங்கள் கையில் எதுவும் இல்லாத இடத்தில், ஆபத்து எவ்வளவு அருகில் இருந்தபோதிலும், எங்களை யாரும் கேட்கவில்லை.

அணையும் அதன் கணக்கும்

பேச்சிப்பாறை அணை கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1897-க்கும் 1906-க்கும் இடையில் கட்டப்பட்டது. கட்டிய பொறியாளர் மிஞ்சின். அவருடைய கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. அணையின் நீர்மட்டம் 48 அடி. பெருஞ்சாணி அணை 77 அடி. இவற்றோடு சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு ஆகிய அணைகளும் சேர்ந்ததுதான் கோதையாறு பாசனத் திட்டம். தோவாளை சானல், அனந்தனாறு சானல், நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு சானல், பத்மநாபபுரம் புத்தனாறு சானல், பட்டணங்கால் என்று கிளை பிரிந்து ஏறத்தாழ 79,000 ஏக்கருக்கு அதன் தண்ணீர் போகிறது. இதில் ராதாபுரம் கால்வாயும் அடக்கம். தோவாளை சானலிலிருந்து பிரியும் அந்தக் கால்வாய் மாவட்ட எல்லையைத் தாண்டிப்போய் 52 குளங்களை நிரப்பி, நேரடிப் பாசனத்தையும் சேர்த்து 17,000 ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது.

கூடங்குளம் இருப்பதும் அதே ராதாபுரம் வட்டத்தில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. பேச்சிப்பாறைத் தண்ணீர் எல்லை தாண்டுவது அங்கே புதிய செய்தி இல்லை. ராதாபுரம் கால்வாய்க்கு எவ்வளவு, எப்போது விடுவது என்பதில் இரண்டு மாவட்ட விவசாயிகளுக்கும் நெடுநாள் வழக்கு இருக்கிறது. ஆனால் அந்த வழக்கு வயலுக்கும் வயலுக்கும் இடையிலானது. மழை குறைந்தால் இரண்டு பக்கமும் குறையும், இரண்டு பக்கமும் பொறுத்துக்கொள்ளும். அணு உலை அப்படிப் பொறுத்துக்கொள்ளாது.

கூடங்குளத்தின் உலைகள் நீராவியைக் குளிர்விக்கக் கடல் நீரையே பயன்படுத்துகின்றன. நல்ல தண்ணீர் தேவைப்படுவது உலையின் உள்சுற்றுக்கும் மற்ற நிலையப் பயன்பாட்டுக்கும் ஊழியர் குடியிருப்புக்கும். அந்த நல்ல தண்ணீரைத்தான் சுமார் 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேச்சிப்பாறையிலிருந்து கொண்டுவருவது என்று முதலில் திட்டமிட்டார்கள்.

அளவு எவ்வளவு என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். பின்னாளில் அந்தத் தேவைக்காகக் கட்டப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் கொள்ளளவு நாளொன்றுக்கு 7,680 கன மீட்டர், அதாவது 76.8 லட்சம் லிட்டர். ஆண்டுக்கு ஏறத்தாழ 28 லட்சம் கன மீட்டர், பொதுப்பணித்துறைக் கணக்கில் சுமார் 99 மில்லியன் கன அடி. பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 4,350 மில்லியன் கன அடி. நூற்றுக்கு இரண்டே கால் பங்கு. இந்த எண்ணை மட்டும் காட்டி, இவ்வளவு சிறிய அளவுக்கா இத்தனை எதிர்ப்பு என்று கேட்டவர்கள் உண்டு.

அந்தக் கேள்விக்கான பதில் வயலில் இருக்கிறது. இங்கே அணை ஜூன் முதல் நாளை ஒட்டித் திறக்கப்படும். முதல் போக நெல்லான கன்னிப்பூ சாகுபடி முடிந்ததும் இரண்டாம் போகமான கும்பப்பூ வரும். பிப்ரவரி கடைசியில் அணை அடைபடும். தென்மேற்குப் பருவம் தவறினால் கன்னிப்பூவுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். கால்வாயின் கடைசி முனையில் நிலம் உள்ள கடைவரம்புக்காரர்கள் மடை மடையாக இராத்திரி காவல் இருப்பார்கள். கோடையில் பேச்சிப்பாறையின் நீர்மட்டம் ஒற்றை இலக்க அடிக்கு இறங்கிய ஆண்டுகள் உண்டு. அணுமின் நிலையத்தின் தண்ணீர்த் தேவைக்கோ கன்னிப்பூவும் இல்லை, கும்பப்பூவும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அதே அளவு வேண்டும். உலையின் பாதுகாப்போடு தொடர்புடைய தண்ணீர் என்பதால் அதற்கே முதல் உரிமை என்று ஆகியிருக்கும். நிறைந்த அணையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. வறண்ட அணையில் அதுவே கடைவரம்பின் மொத்தப் பங்கு. இரண்டு உலை ஆறு உலையானால் மூன்று மடங்கு. உலையின் ஆயுள் பல பத்தாண்டுகள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகுதான் விவசாயிகள் வேண்டாம் என்றார்கள். அவர்கள் கணக்கு சரியானது என்றே நான் நம்புகிறேன்.

மின்சாரத்தின் மேல் இந்த மாவட்டத்துக்கு விரோதம் எதுவும் இல்லை. பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாற்றில் 60 மெகாவாட், 40 மெகாவாட் என இரண்டு நீர்மின் நிலையங்கள் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து ஓடுகின்றன. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே காற்றாலைகளைத்தான்.

மே 1, 1989

ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988 நவம்பர் 20 அன்று டில்லியில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: தலா 1,000 மெகாவாட் திறனில் இரண்டு சோவியத் உலைகள். செர்னோபில் விபத்து நடந்து இரண்டரை ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு மே 9 அன்று சுற்றுச்சூழல் அனுமதி வந்தது.

அந்த அனுமதிக்கு எட்டு நாள் முன்பு கன்னியாகுமரியில் நடந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. தேசிய மீனவர் பேரவை கிழக்குக் கரையிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் ஏப்ரலில் புறப்படச் செய்த இரண்டு நடைபயணங்கள் மே நாளன்று குமரிமுனையில் சந்தித்தன. தாமஸ் கோச்சேரி போன்றவர்கள் முன்னின்று நடத்திய பயணம் அது. தண்ணீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்பது அதன் முழக்கம். கடல் மாசு, இழுவை மடி, ஆற்று நீர், அணு உலை எல்லாமே அந்த முழக்கத்துக்குள் இருந்தன. கரைக்கு வந்த கூட்டத்தின் மீது போலீசார் துப்பாக்கிச்சூடு நடத்தினார்கள். குண்டு பாய்ந்து பலர் காயமடைந்தனர்.

இந்த நாளை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் மாவட்டத்தில் வயல்காரர்களும் கடற்கரைக்காரர்களும் ஒரே கோரிக்கையில் ஒன்றாக நிற்பது எளிதில் நடக்காது. சாதி, மதம், கட்சி மூன்றும் ஊடே நிற்கும். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தின் காயம் அப்போது ஆறியிருக்கவில்லை. அணைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒரே திட்டத்தால் பாதிக்கப்படும் என்ற அச்சம் நாஞ்சில் நாட்டு விவசாயியையும் கடற்கரை மீனவரையும் ஒரே பக்கம் நிறுத்தியது.

அதன் பிறகு வந்த தேக்கத்துக்குப் போராட்டம் காரணமில்லை. 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதே ஆண்டு சோவியத் ஒன்றியம் கலைந்தது. திட்டம் கிடப்பில் போனது. 1998 ஜூனில் ரஷ்யாவுடன் புதிய உடன்பாடு ஏற்பட்டு, 2002 மார்ச் 31 அன்று முதல் உலைக்குக் கான்கிரீட் போடப்பட்டது.

குழாய்க்குப் பதில் ஆலை

திட்டம் மீண்டும் உயிர்பெற்றபோது பேச்சிப்பாறை பற்றிய பேச்சும் திரும்ப வந்தது. விவசாயிகளின் எதிர்ப்பும் திரும்ப வந்தது. இறுதியில் கூடங்குளம் வளாகத்திலேயே கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலையைக் கட்டினார்கள். தலா 2,560 கன மீட்டர் திறனில் நான்கு அலகுகள். மூன்று ஓடும், ஒன்று மாற்றாக நிற்கும். எதிர்ப்பு ஒரு காரணம், நீண்ட தொலைவு ஒரு காரணம், கோடையில் அணையை நம்ப முடியாதது ஒரு காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் விளைவு தெளிவானது: பேச்சிப்பாறைத் தண்ணீர் இல்லாமலே அந்த உலைகள் ஓடுகின்றன.

அப்படியானால் அணையைத் தொடாத வழி ஒன்று இருந்திருக்கிறது. செலவு கூடுதல், மின்சாரமும் கூடுதல், ஆனாலும் இருந்தது. அதை முதலில் எண்ணிப் பார்க்காமல், கல்குளம் வட்டத்தின் மலையடிவாரத்திலிருந்து ராதாபுரம் கடற்கரை வரை வரைபடத்தில் கோடு போட்டுவிட்டுப் பிறகு மாற்றியிருக்கிறார்கள். எங்களைக் கேட்டிருந்தால் அணை எப்போது நிறையும், எப்போது வற்றும் என்பதை எந்தக் கடைவரம்பு விவசாயியும் முதல் நாளே சொல்லியிருப்பார்.

இந்த மாற்றம் இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. 1989 அனுமதி ஆற்று நீரை நம்பி அளிக்கப்பட்டது. சுத்திகரிப்பு ஆலையோ அடர்ந்த உப்புநீரைக் கடலில் விடுவது. அதற்குப் புதிதாக அனுமதி வாங்க வேண்டாமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலை இயங்கலாம் என்று தீர்ப்பளித்து, கூடவே 15 நிபந்தனைகளையும் விதித்தது. முதல் உலையில் அந்த ஆண்டு ஜூலை 13 அன்று தொடர்வினை தொடங்கியது. அக்டோபரில் மின்தொகுப்பில் இணைந்தது. இரண்டாவது உலை 2016-இல். வயல் தப்பியது. வயலைக் காப்பாற்றிய அதே ஏற்பாடு தன் கழிவை மீனவரின் கடலில் விடுகிறது. 1989-இல் ஒரே பக்கம் நின்றவர்களை இந்தத் தீர்வு இரண்டாகப் பிரித்துவிட்டது என்பதே என் பெரிய வருத்தம். 2011 செப்டம்பரில் இடிந்தகரையில் உலைக்கு எதிரான உண்ணாநிலை தொடங்கியபோது அங்கே பெருந்திரளாக நின்றவர்கள் கடற்கரை மக்கள். நாஞ்சில் நாட்டு வயல்களிலிருந்து போனவர்கள் குறைவு.

கடலும் காற்றும்

இடிந்தகரைப் போராட்டத்தைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதன் ஒருங்கிணைப்பாளர் சுப. உதயகுமாரன் நாகர்கோவில்காரர், 2014 மக்களவைத் தேர்தலில் கன்னியாகுமரித் தொகுதியில் நின்று தோற்றார். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பதிவாயின. தேசத்துரோகப் பிரிவும் அவற்றில் இருந்தது. 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மீனவர் ஒருவர் இறந்தார். நான் இங்கே பார்க்க விரும்புவது வேறு: அந்தக் காலம் முழுவதும் கன்னியாகுமரி மாவட்டம் முறைப்படி எங்கே இருந்தது?

எங்கும் இல்லை. முதல் இரண்டு உலைகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே நடக்கவில்லை. அனுமதி தரப்பட்ட 1989-இல் அப்படியொரு விதி கிடையாது. 3 முதல் 6 வரையிலான உலைகளுக்கு 2007 ஜூன் 2 அன்று திருநெல்வேலியில் கருத்துக்கேட்பு நடந்தது. விதிப்படி, திட்டம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் கூட்டம். சுற்றுச்சூழல் ஆய்வு எடுத்துக்கொள்ளும் வட்டமோ 30 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் குமரிமுனை வருகிறது, சுசீந்திரம் வருகிறது, மணக்குடி வருகிறது. ஆய்வுக்கு உட்பட்ட மண்ணில் வாழ்கிறவர்களுக்குக் கருத்துச் சொல்ல அவர்கள் மாவட்டத்தில் ஒரு மேடை இல்லை. சட்டம் மீறப்படவில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள், உண்மைதான். சட்டமே இந்த இடத்தில் குறையுள்ளது என்பதுதான் என் வாதம்.

நெருக்கடிக்காலத் திட்டமும் அப்படியே. அது 16 கிலோமீட்டர் வட்டத்தை மையமாக வைத்து வகுக்கப்படுகிறது. எங்கள் மாவட்டத்தின் கிழக்கு விளிம்பை மட்டும் அந்த வட்டம் தொடுகிறது. காற்றோ கிலோமீட்டர் பார்த்து நிற்பதில்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று கணவாய் வழியாகக் கிழக்கே பாயும். அது எங்களிடமிருந்து ராதாபுரத்தை நோக்கிப் போகிற காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று. அது அங்கிருந்து எங்களை நோக்கி வருவது. அந்த மாதங்களில்தான் குமரிமுனையில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் தொடங்கும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று மேற்கே போகும் ஒற்றைப் பெருஞ்சாலையின் நெரிசலைத் திருவிழா நாளில் ஒருமுறை பார்த்தவருக்கே தெரியும், ஒரு லட்சம் பேரை ஒரே நாளில் அந்தச் சாலையில் நகர்த்துவது எத்தகைய காரியம் என்று.

எச்சரிக்கை நேரத்தோடு வரும் என்று நம்பவும் எங்களுக்கு அனுபவம் இடம் தருவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி எல்லாம் கடலில் போயின. மாவட்டத்தில் சுமார் 800 உயிர்கள் பலியாயின. மணக்குடிப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்குத் தகவலே எட்டவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் ஆண்களை இழக்காத தெரு அரிது. 2011 மார்ச்சில் புகுஷிமா செய்தி வந்தபோது இந்தக் கரையில் பரவிய அச்சத்தை அறியாமை என்று சொன்னவர்கள், சுனாமியில் பிணங்களைத் தூக்கிய கைகளைப் பார்த்திருக்க வேண்டும்.

உலை வெளியேற்றும் நீர் கடலின் வெப்பத்தைவிட 7 டிகிரி வரை கூடுதலாக இருக்கலாம் என்பது அனுமதிக்கப்பட்ட வரம்பு. கரையிலிருந்து சற்றுத் தள்ளிப்போனால் அந்த வெப்பம் கலந்து தணிந்துவிடும் என்கிறது நிர்வாகம். அது இரண்டு உலைகளின் கணக்கு. ஆறு உலைகளும் ஓடும்போது சாளை, நெத்திலி மீன்பாட்டுக்கும் சிங்கி இறால் குஞ்சுகளுக்கும் என்ன ஆகிறது என்பதை உலை நிர்வாகம் அளந்து தன் கோப்பில் வைத்தால் போதாது. மீன்வளத்துறை தனியாக அளந்து, குமரி மாவட்டக் கரையிலும் அளந்து, ஆண்டுதோறும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் படிக்க வேண்டும். வெட்ஜ் பேங்க் போன்ற வளமான மீன்பிடித் திட்டு இவ்வளவு அருகில் இருக்கும்போது இது பெரிய கோரிக்கையும் இல்லை.

மணல்

அணுசக்திக்கு எங்கள் மாவட்டம் கொடுக்கும் இன்னொன்று மணல். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு மணவாளக்குறிச்சிக்கு வந்தார். இன்று அங்கே மத்திய அரசின் அருமணல் ஆலை இயங்குகிறது. மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு முதல் பத்து பங்கு தோரியம் ஆக்சைடு. ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தில் மூன்றாவது கட்டம் முழுக்கத் தோரியத்தை நம்பியது. இரண்டாவது கட்டத்தின் முதல் பெரிய உலையே, கல்பாக்கத்தில் 2004-இல் கட்டத் தொடங்கி, 2024 மார்ச்சில்தான் எரிபொருள் நிரப்பும் நிலைக்கு வந்தது. மூன்றாம் கட்டம் எப்போது என்று யாரும் தேதி சொல்லவில்லை. அந்த எதிர்காலத்துக்காக இன்று தோண்ட வேண்டுமா?

கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க முன்மொழிவு வந்தது. இது எங்கள் மாவட்டத்துக்குள் இருக்கும் நிலம். ஆகவே அன்றைய விதிப்படி கருத்துக்கேட்பு எங்கள் மண்ணிலேயே நடந்தாக வேண்டியிருந்தது. 2024 அக்டோபர் 1 என்று தேதி குறித்தார்கள். தேவாலயப் பங்குகளும் மீனவர் அமைப்புகளும் ஊராட்சிகளும் எதிர்த்தன, கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இருபது கிலோமீட்டரில் இருக்கும் உலை குறித்துப் பேச மேடை இல்லாத மாவட்டத்துக்கு, தன் மணல் குறித்துப் பேச மேடை இருந்தது. 1989-இல் அணைக்கு இருந்த எடைதான் இது.

கடற்கரையில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம், அதனால் புற்றுநோயும் அதிகம் என்பது இங்கே வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நெடுங்காலம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு அப்படியொரு அதிகரிப்பைக் காணவில்லை. அந்த முடிவை இங்கே யாரும் நம்புவதில்லை. வேறு ஊர் மக்களைக் கணக்கெடுத்துவிட்டு இந்த ஊருக்கு ஆறுதல் சொன்னால் நம்பிக்கை வராது. மணவாளக்குறிச்சி முதல் நீரோடி வரை வீடு வீடாகக் கணக்கெடுத்து, முடிவு எதுவானாலும் தமிழில் வெளியிடும் வரை, தோண்டுவது பற்றிய பேச்சே எழக் கூடாது.

முடியாத அலகுகள்

மூன்றாவது, நான்காவது உலைகளுக்கு 2017-இலும் ஐந்தாவது, ஆறாவது உலைகளுக்கு 2021-இலும் கான்கிரீட் போட்டார்கள். நான்கும் இன்னும் கட்டி முடியவில்லை. எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் கிடங்குக்கான கருத்துக்கேட்பு 2019 ஜூலை 10 அன்று நடப்பதாக இருந்து தள்ளிப்போனது. முதல் இரண்டு உலைகளில் தமிழகத்தின் பங்கு தலா 562.5 மெகாவாட், மீதி மற்ற மாநிலங்களுக்கும் மத்தியத் தொகுப்புக்கும் போகிறது. எரிந்த எரிபொருள் எங்கேயும் போகவில்லை, கூடங்குளத்திலேயே இருக்கிறது.

திட்டம் முடியாமல் இருக்கும் இந்தக் காலத்தில்தான் மாவட்டம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. ஆறு உலைகளும் ஓடும்போது எந்த நெருக்கடியிலும் கோதையாறு பாசன அணைகளின் தண்ணீர் கூடங்குளத்துக்குக் கேட்கப்படாது என்ற அரசாணை முதலாவது. பேச்சளவில் கைவிட்ட குழாய் ஒரு வறட்சி ஆண்டில் பேச்சளவிலேயே திரும்ப வரலாம். கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகத்தைப் பங்காளியாகச் சேர்த்த நெருக்கடிக்காலத் திட்டம் அடுத்தது. அஞ்சுகிராமம், கொட்டாரம், கன்னியாகுமரி, மணக்குடி மக்கள் எந்தச் சாலையில் எங்கே போக வேண்டும், அயோடின் மாத்திரை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும், வாடைக்காற்று மாதத்தில் கடலில் இருக்கும் வள்ளங்களுக்கு யார் எந்த அலைவரிசையில் சொல்வார்கள் என்பதெல்லாம் அதில் ஊர்ப் பெயரோடு வர வேண்டும். கிடங்குக்கான கருத்துக்கேட்புக்கு மறுபடி தேதி குறித்தால், 30 கிலோமீட்டருக்குள் வரும் எங்கள் ஊர்களுக்காக நாகர்கோவிலிலும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

இதில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை, பெரும் பணமும் தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டமும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டமும் தனித்தனியாக நடக்கின்றன. இந்த மூன்று கோரிக்கைகளையும் ஒரே மனுவாக எழுதி இரண்டு கூட்டத்திலும் கொடுக்கலாம். கடைவரம்பு விவசாயியும் வள்ளத்துக்காரரும் அதில் சேர்ந்து கையெழுத்திடலாம்.